சோப்புக் கட்டியும் அதன் பெயரும்

தமிழ்நாட்டில் ஹமாம் சோப்பை அறியாத தொழிலாளி வீடு அநேகமாக இருக்காது. எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிகூட மளிகைக் கடையில் பச்சை உறையைக் கைகாட்டி, “ஹமாமு ஒண்ணு குடுப்பா” என்று கேட்டு வாங்கி வருகிறாள். கடைக்காரர் வேறு சோப்பை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். முந்தானையில் முடிந்திருக்கும் சில்லறையைத் தெரியாத சாமானில் போட அவளுக்கு மனமில்லை. பெயர் பழகிய பெயரானால் உள்ளே இருப்பதும் பழகிய சரக்குத்தான் என்பது அவள் கணக்கு.

அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம்?

“டாடா கம்பெனிக்கு” என்று வயதான தோழர்கள் சொல்லக்கூடும். ஒரு காலத்தில் அது உண்மைதான். 1917-ல் தொடங்கிய டாடா ஆயில் மில்ஸ் என்ற கம்பெனி, சுருக்கமாக டாம்கோ, 1931-ல் ஹமாமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எர்ணாகுளத்தில் டாடாபுரம் என்று ஓர் இடத்துக்குப் பெயரே வந்தது அந்தக் கம்பெனியால்தான். 1993-ல் டாம்கோவை ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியுடன் இணைப்பது என்று இரு கம்பெனிகளின் மேலிடமும் தீர்மானித்தன. டாம்கோவின் 15 பங்குக்கு லீவரின் 2 பங்கு என்று கணக்குப் போட்டார்கள். இதை எதிர்த்து லீவர் கம்பெனித் தொழிலாளர் சங்கம் சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. தொழிலாளர் நலன் பாதிக்கப்படும், சோப்புத் தொழிலில் ஏகபோகம் வளரும், பங்கு மதிப்பீடு சரியில்லை என்றெல்லாம் வாதாடியது. 1994-ல் சுப்ரீம் கோர்ட் அந்த வாதங்களைத் தள்ளிவிட்டு இணைப்பை அனுமதித்தது. டாம்கோ தொழிலாளருக்கு முன்பிருந்ததைவிடக் குறைவான நிபந்தனை இராது என்று இணைப்புத் திட்டத்தில் எழுதியிருப்பதே போதும் என்றது.

இயந்திரமும் கட்டிடமும் கைமாறின. அவற்றோடு ஹமாம் என்ற மூன்றெழுத்தும் கைமாறியது. சோப்பு வாங்கிய பாட்டிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவளுக்குப் பெயர் அதே பெயர், உறை அதே பச்சை. ஹிந்துஸ்தான் லீவரும் 2007-ல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் என்று தன் பெயரை மாற்றிக் கொண்டது. ஹமாம் மட்டும் மாறவில்லை. நாலு சுவரையும் நாற்பது இயந்திரத்தையும்விட அந்த மூன்றெழுத்து விலை மதிப்புள்ளது என்பது முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும்.

டிரேட் மார்க் என்று வக்கீல்கள் சொல்லும் வியாபாரக் குறி இதுதான். பெயர், படம், எழுத்தின் வடிவம், உறையின் வண்ணச் சேர்க்கை எதுவும் வியாபாரக் குறியாகலாம். அது ஒரு சொத்து. வயலைப் போல விற்கலாம், வாங்கலாம், குத்தகைக்கு விடலாம். வெள்ளைக்காரன் காலத்தில் 1940-ல் இதற்கு ஒரு சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1958-ல் வேறொரு சட்டம். இப்போது நடப்பது 1999-ம் ஆண்டுச் சட்டம். 2003 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது.

இந்தச் சொத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. புதிய இயந்திரத்தைக் கண்டுபிடித்தவனுக்குப் பேடண்ட் உரிமை 20 ஆண்டுகள்தான். புத்தகம் எழுதியவனுக்கு அவன் ஆயுள் முடிந்து 60 ஆண்டுகள். வியாபாரக் குறிக்கோ முடிவே கிடையாது. ஒருமுறை பதிந்தால் மனுச் செய்த தேதியிலிருந்து 10 ஆண்டுகள். பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பேரன் காலம், கொள்ளுப் பேரன் காலம் என்று போய்க்கொண்டே இருக்கும். நிலத்துக்கு இந்த மாநிலத்தில் 1961-ல் உச்சவரம்புச் சட்டம் போட்டார்கள் (அது நடந்த லட்சணம் விவசாயத் தொழிலாளருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை). பெயருக்குப் பேருக்குக்கூட உச்சவரம்பு இல்லை. ஒரு கம்பெனி நூறு பெயரும் பதியலாம், ஆயிரமும் பதியலாம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெயரைப் பயன்படுத்தாமல் போட்டு வைத்திருந்தால், பாதிக்கப்பட்டவர் மனுச் செய்து அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. தரிசாகப் போட்ட நிலத்தைக் கேட்பது போலத்தான். யாராவது போய்க் கேட்டால்தான் அது நடக்கும்.

அப்படியானால் இந்தச் சட்டமே கூடாது என்கிறோமா? இல்லை. போலிச் சரக்கால் முதலில் அடிபடுவது ஏழை. பணக்காரன் பெரிய கடையில் ரசீதோடு வாங்குகிறான். சந்தைக் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் வாங்குகிறவன் தொழிலாளி. முகத்தில் பூசும் களிம்பு போலியானால் வெந்து போவது அவன் வீட்டுப் பெண்ணின் முகம். பெயரைத் திருடுவது வாங்குகிறவரையும் ஏமாற்றுவதாகும். பொய்யாகப் பிறர் குறியைப் போட்டு விற்பவனுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சட்டம் விதிக்கிறது. இது வேண்டியதே.

1962-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன ஒரு தீர்ப்பையும் இங்கே நினைவூட்டுவோம். அமிர்ததாரா என்று ஒரு மருந்து வெகுகாலமாக விற்றுக்கொண்டிருந்தது. வேறொருவர் லட்சுமண்தாரா என்று ஒன்றை விற்றார். படித்தவன் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். கோர்ட் அப்படிப் பார்க்கவில்லை. சாதாரணப் புத்தியும் அரைகுறை ஞாபகமும் உள்ள மனிதன் கடைக்குப் போனால் மயங்குவானா என்பதே கேள்வி என்றது. மயங்குவான் என்று சொல்லிற்று. பிராந்தியத்தை ஒட்டி அந்த வழக்கின் முடிவு வேறு விதமாகச் சென்றாலும், இந்த அளவுகோல் நிலைத்துவிட்டது. அதாவது, நாம் முதலில் சொன்ன பாட்டியின் கண்ணும் காதுமே கோர்ட்டின் தராசு.

ஆனால் அந்தத் தராசு எதை நிறுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இது யாருடைய சரக்கு என்ற குழப்பத்தை மட்டுமே அது நிறுக்கிறது. சரக்கு நல்லதா, அதைச் செய்தவனுக்குக் கூலி சரியாகக் கிடைத்ததா, பெயர் சொல்லும் வாக்குறுதி உண்மையா என்பதெல்லாம் அந்தத் தராசில் ஏறுவதில்லை.

ஃபேர் அண்ட் லவ்லி கதையைப் பாருங்கள். 1975-ல் ஹிந்துஸ்தான் லீவர் இந்தக் களிம்பைக் கொண்டுவந்தது. பெயரின் பொருள், சிவந்த நிறமும் அழகும் என்பது. சிவப்பாக இருந்தால்தான் அழகு என்று பெயரிலேயே எழுதி ஒட்டினார்கள். கறுப்பாயிருந்த பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை, மாப்பிள்ளை அமையவில்லை, களிம்பைப் பூசினாள், எல்லாம் அமைந்தது என்று விளம்பரம் வந்தது. சித்திரை வெயிலில் களை எடுக்கிற பெண்ணுக்கு அவள் மேனியின் நிறமே ஒரு குற்றம் போலாயிற்று. கூலியில் மிச்சம் பிடித்துச் சின்னப் பொட்டலம் வாங்கினாள். 45 ஆண்டுகள் இந்தப் பெயர் பதிவுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்தது. பொதுமக்களை ஏமாற்றும் தன்மையுள்ள குறியைப் பதியக்கூடாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நிறத்தை வைத்து மனுஷியை மட்டம் தட்டும் பெயரை அந்தப் பிரிவு தொடவில்லை.

2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். உலகெங்கும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நிறத்தை விற்றுப் பிழைக்கும் கம்பெனிகள் மேலும் கேள்வி பாய்ந்தது. ஜூன் 25-ம் தேதி, ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிடுகிறோம் என்று ஹிந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. ஜூலை 2-ம் தேதி புதுப் பெயர் வந்தது: குளோ அண்ட் லவ்லி. சிவப்பு போய்ப் பொலிவு வந்தது. ஆண்களுக்கான களிம்புக்குக் குளோ அண்ட் ஹேண்ட்சம் என்று வைத்தார்கள்.

உடனே கல்கத்தாவின் இமாமி கம்பெனி குறுக்கிட்டது. ஆண்களுக்கு ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் என்ற களிம்பை 2005-லிருந்து விற்றுக்கொண்டிருந்த கம்பெனி அது. நாங்களும் குளோ அண்ட் ஹேண்ட்சம் என்றுதான் மாற்றப் போகிறோம், பெயர் எங்களுடையது என்றது. யூனிலீவர் பம்பாய் ஹைகோர்ட்டுக்கு ஓடியது. ஜூலை 6-ம் தேதியே ஓர் இடைக்கால உத்தரவு கையில் வந்தது: எங்கும் வழக்குப் போடுமுன் இமாமி 7 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று. ஆகஸ்டில், இமாமி அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கிடைத்தது. காரணம் என்ன? யூனிலீவர் 2018 செப்டம்பரிலேயே அந்தப் பெயருக்கு மனுச் செய்திருக்கிறது, விளம்பரமும் முதலில் அதுதான் தொடங்கியது என்று கோர்ட் கண்டது.

தேதிகளைத் திரும்பப் படியுங்கள். மினியாபொலிஸ் தெருவில் மக்கள் எழுந்தது 2020-ல். ‘குளோ’ என்ற பெயருக்கு மனு போனது 2018-ல். மனச்சாட்சி விழித்துக்கொள்வதற்கு இரண்டு ஆண்டு முன்பாகவே வக்கீல் விழித்துக்கொண்டிருந்தார்!

சண்டை அதோடும் ஓயவில்லை. 2024 ஏப்ரலில் கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதி ஒருவர் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னார். ஆண்களுக்கான களிம்பில் குளோ அண்ட் ஹேண்ட்சம் என்று யூனிலீவர் போடுவது இமாமியின் பழைய பெயரோடு மயக்கம் உண்டாக்குகிறது, தன் சரக்கைப் பிறர் சரக்குப் போலத் தள்ளிவிடுவதாகும் என்று கூறி, அதை நிறுத்த ஒரு மாதம் கெடு கொடுத்தார். ஆக, பொலிவு, அழகன் என்று பொருள்படும் இரண்டு இங்கிலீஷ் சொற்களுக்காக இரண்டு பெரிய கம்பெனிகள் இரண்டு ஹைகோர்ட்டுகளில் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டின. இரு பக்கமும் பெரிய வக்கீல்கள். நிறத்தைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட பெண்கள் இந்த வழக்கில் எந்தப் பக்கத்திலும் கட்சிக்காரர்கள் இல்லை.

பெயருக்கு ஒரு வேகம், ஆளுக்கு ஒரு வேகம் என்பதற்கு நம் கொடைக்கானலே சாட்சி. பாண்ட்ஸ் பவுடரும் பாண்ட்ஸ் கிரீமும் எல்லாரும் அறிந்தவை. 1846-ல் அமெரிக்காவில் பிறந்த பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கிய கம்பெனிதான் 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானல் மலையில் வைத்தது. பாண்ட்ஸ் இந்தியா 1998-ல் ஹிந்துஸ்தான் லீவருடன் இணைந்தபோது இந்தத் தொழிற்சாலையும் அதன் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊராரும் சூழல் இயக்கத்தாரும் வெளிப்படுத்தியதும், 2001 மார்ச்சில் தொழிற்சாலை மூடப்பட்டது. பாதரச ஆவியால் எங்கள் உடல் கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை என்று கம்பெனி சொல்லி வந்தது. 2006-ல் தொழிலாளர்கள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது 2016 மார்ச்சில். பதினைந்து ஆண்டுகள்! களிம்பின் பெயருக்கு முதல் உத்தரவு கிடைக்க நாலு நாள் ஆயிற்று என்பதை மேலே சொன்னோம்.

பெயரின் சொத்துரிமை முதலாளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைசூர் சாண்டல் சோப்பை எடுத்துக்கொள்வோம். முதல் உலக யுத்தத்தின்போது மைசூர்ச் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற முடியாமல் தேங்கிக் கிடந்தது. மகாராஜா கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் 1916-ல் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். 1918-ல் சோப்பு வந்தது. சிங்க உடலும் யானைத் தலையும் கொண்ட சரபம் அதன் முத்திரை. மகாராஜா போனார், திவான் பதவி போயிற்று, தொழிற்சாலை சர்க்காரிடம் நின்றது. 1980-ல் அது கர்நாடக சர்க்காரின் சோப்பு டிடெர்ஜெண்ட் கம்பெனி ஆயிற்று. 2006-ல் மைசூர் சாண்டல் சோப்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்ததே, அதே வகைப் பதிவு.

பொதுச் சொத்தான பெயரையும் திருடன் விடுவதில்லை. 2024 ஜனவரியில் ஐதராபாத்தில் போலி மைசூர் சாண்டல் சோப்பு செய்த இடம் பிடிபட்டது. சுமார் 2 கோடி ரூபாய்ச் சரக்கு என்றார்கள். அந்தப் பெயரைக் காப்பது கர்நாடக மக்களின் கஜானாவைக் காப்பதற்குச் சமம். ஆகவே அந்த நடவடிக்கையை நாம் வரவேற்கிறோம். அதே கம்பெனி 2025 மே மாதம் தன் சோப்பு விளம்பரத்துக்கு ஒரு சினிமா நடிகையை இரண்டு ஆண்டுக்கு 6 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு அமர்த்தியதே என்று கேட்டால், நமக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. நூறு ஆண்டுப் பெயருக்கு நடிகையின் சிரிப்பு தேவைப்படுகிறதா என்பதை அங்குள்ள தொழிலாளர்கள்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் நாம் எழுதுவதற்குக் காரணம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. மில் மூடிய ஊர்களிலும், நடவு வேலை குறைந்த கிராமங்களிலும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சோப்புக் காய்ச்சுகிறார்கள். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, பயற்றம்மாவு சேர்த்து நலங்கு மாவு அரைக்கிறார்கள். தேங்காய் எண்ணெயும் காரமும் அளந்து கலக்கி, அச்சில் ஊற்றி, வாரக்கணக்கில் காயவைத்து எடுப்பது லேசான வேலை அல்ல. காரம் கையில் பட்டால் தோல் உரியும். இரண்டு மூன்று வருஷம் பாடுபட்டால் சுற்று வட்டாரத்தில் ஒரு பெயர் கிடைக்கிறது. “அந்தக் குழுச் சோப்பா? தா” என்று ஆட்கள் கேட்கத் தொடங்குகிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மொத்த வியாபாரி வருகிறார். “அம்மா, சரக்கை மட்டும் நீங்கள் போடுங்கள். அட்டை, உறை, விளம்பரம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறார்கள். அவர் பட்டணத்துக்குப் போய் அந்தப் பெயரைத் தன் பெயரில் பதிந்துகொண்டால் என்ன ஆகும்? ஒரு நாள் விலையைக் குறைப்பார். குழு மறுத்தால், வேறிடத்தில் சோப்புக் காய்ச்சச் சொல்லி அதே பெயரில் விற்பார். குழுப் பெண்கள் தங்கள் சோப்பில் தங்கள் பெயரைப் போட்டால், திருட்டு என்று அவரே நோட்டீஸ் அனுப்புவார்! குழுவுக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. பிறர் பதியுமுன்பே தொடர்ந்து பயன்படுத்தி வந்தவரின் உரிமையை 34-வது பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அதை நிரூபிக்கக் கோர்ட்டும் வக்கீலும் வேண்டும்; பழைய ரசீதும் வேண்டும். முந்திப் பதிந்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

பதிவது கஷ்டமான காரியமும் அல்ல. தென்மாநிலங்களுக்கான வியாபாரக் குறிப் பதிவாலயம் சென்னை கிண்டியில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வழியாகவே மனுப் போடலாம். சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். குளியல் சோப்பு, முகப் பவுடர், தைலம், களிம்பு போன்றவை 3-வது வகுப்பு. மருந்து என்று சொல்லி விற்றால் 5-வது வகுப்பு. அதற்குத் தனிக் கட்டணம். 2017-ம் ஆண்டு விதிகளின்படி தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. நேரில் காகிதத்தில் கொடுத்தால் கொஞ்சம் கூடுதல். சிறு தொழில் என்பதற்கு உத்யம் சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழுக்குச் சர்க்கார் ஒரு பைசா வாங்குவதில்லை. இதற்கும் பணம் கேட்கும் தரகர்கள் ஊருக்கு ஊர் கிளம்பியிருக்கிறார்கள், ஜாக்கிரதை.

பெயர் தேர்ந்தெடுப்பதில் பலர் தவறுகிறார்கள். ‘ஆவாரம்பூ சோப்பு’ என்று வைத்தால் பதிவாகாது. அது சரக்கைச் சொல்லும் சொல். ஆவாரம்பூ போட்ட சோப்புக்காரர் எல்லாருக்கும் அது வேண்டும். ‘நல்ல சோப்பு’, ‘சுத்தமான சோப்பு’ என்பதும் அப்படியே. வெறும் ஊர்ப் பெயரும் லேசில் நிற்காது. சோப்புக்குச் சம்பந்தமே இல்லாத பெயர்தான் பலமானது: ஒரு பறவையின் பெயர், புதிதாகக் கட்டிய ஒரு சொல். ஹமாம் என்றால் அரபு நாட்டில் குளியல் கூடம். நமக்கு அந்த அர்த்தம் தெரியாது. அதனால்தான் நம் காதுக்கு அது வெறும் பெயராகவே நிற்கிறது. பிரபலமான பெயரை ஒலியிலோ உறையிலோ ஒட்டி வைப்பதும் வேண்டாம். அமிர்ததாரா வழக்கின் தராசு நமக்கும்தான்.

மனுவைப் பதிவாலயம் பரிசோதித்த பின் அதன் இதழில் வெளியிடுகிறது. வெளியான 4 மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் இல்லாவிட்டால் பதிவாகிறது. அதுவரை பெயருக்குப் பக்கத்தில் டி.எம். என்ற எழுத்துகளைப் போடலாம். வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்தைப் பதிவு கிடைத்த பின்பே போட வேண்டும். முன்கூட்டிப் போடுவது சட்டப்படி தவறு. இன்னொன்று, பெயர் பதிவு வேறு, சோப்பு செய்யும் லைசென்சு வேறு. அழகு சாதனம் செய்து விற்க 2020-ம் ஆண்டு விதிகளின் கீழ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் லைசென்சு வேண்டும். பெயர் இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. நம் சோப்பால் இன்னொரு தொழிலாளியின் குழந்தைக்குத் தோல் வெடித்தால் எந்தப் பெயரும் காப்பாற்றாது.

யார் பெயரில் பதிவது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தலைவியின் பெயரில் மட்டும் பதிந்துவிட்டு, பின்னால் அவர் மகன் வந்து இது எங்கள் வீட்டுச் சொத்து என்று நிற்பதற்கு இடம் வைக்கக் கூடாது. கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்திருந்தால் சங்கத்தின் பெயரில் மனுப் போடட்டும். அப்படிப் பதியாத குழுவானால், உறுப்பினர் எல்லாரையும் கூட்டு மனுதாரராகச் சேர்க்கலாம். ஒரு குறி பலருக்குக் கூட்டாகச் சொந்தமாவதைச் சட்டம் ஏற்கிறது. பல ஊர்க் குழுக்கள் ஒரே பெயரில் விற்க நினைத்தால், அவை அமைக்கும் சங்கத்தின் பெயரில் கூட்டுக் குறி என்ற வகையில் பதிய வழி இருக்கிறது. 61-வது பிரிவு முதல் அதைப் பற்றித்தான். யார் அந்தப் பெயரைப் போடலாம், என்ன தரம் இருக்க வேண்டும், மீறினால் என்ன செய்வது என்று விதி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விதியை வக்கீல் எழுதுமுன் காய்ச்சுகிற பெண்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.

மொத்த வியாபாரியோடு வியாபாரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் விற்கட்டும். பெயர் குழுவுக்குச் சொந்தம், விற்கும் அனுமதி மட்டுமே அவருக்கு, ஒப்பந்தம் முடிந்தால் அந்தப் பெயரில் அவர் ஒரு கட்டிகூட விற்கக் கூடாது என்று முத்திரைத்தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு சரக்கு வண்டி ஏறட்டும். முதல் விற்பனை ரசீது, முதல் உறை, கண்காட்சியில் கடை போட்டபோது எடுத்த படம், அச்சகத்துக்காரர் கொடுத்த பில் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். முன்பே பயன்படுத்தி வருகிறோம் என்று மனுவில் எழுதினால் அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். கணக்கு நோட்டில், இந்தப் பெயர் இன்ன தேதியில் குழுக் கூட்டத்தில் முடிவானது என்று தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். இந்த வாரக் கூட்டத்திலேயே அதை எழுதிவிடலாம்.